அம்மா மடியில் லேப்டாப், டேங்கில் வெறும் காற்று

பெண் பார்க்கப் போகும்போது பெற்ற தாயின் மடியில் லேப்டாப்பை வைத்துக் கூட்டிப்போன மாப்பிள்ளை ஜொகூர் மாநிலத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் யாராவது ஒருவர் இந்தக் கதையை எடுத்துவிடுகிறார். எடுப்பவர் சும்மா இருப்பதில்லை, கையிலிருந்து ஒரு துண்டைச் சேர்த்தும் விடுகிறார் (போன தீபாவளிக்கு என் சித்தப்பா மகன் சொன்னதில் நடுரோட்டில் ஒரு யானை வந்தது). அதனால் நடந்ததை நானே எழுதி வைத்துவிடுவது நல்லது.

குளுவாங்கில் எனக்கு ஒரு சின்ன வொர்க்‌ஷாப் இருக்கிறது. ஸ்பேனர் பிடிக்கும் வேலையைவிட, காரின் கம்ப்யூட்டருக்குள் புகுந்து எண்களை மாற்றும் வேலைதான் அங்கே அதிகம். கம்பெனி கொடுத்த சக்தி போதாது, இன்னும் வேண்டும் என்று ஜொகூர் பாருவிலிருந்தும் பாலம் தாண்டி சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். என்னிடமும் அப்படி ஒரு கார் இருந்தது. ஜப்பானில் ஓடிவிட்டு, ரீகண்டாக, அதாவது பழைய காராக, இங்கே வந்து இறங்கிய கறுப்புக் கார். அதில் நான் பூட்டியிருந்த டர்போவைப் பார்த்து, "என்னடா இது, ரசம் வைக்கிற ஈயச் சட்டி மாதிரி இருக்கு" என்று அம்மா கேட்டிருக்கிறார்.

அப்போது எனக்குக் கல்யாண வயது கையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு இடங்களில், "பையனுக்குக் கார் பைத்தியமாமே" என்று விசாரித்துவிட்டு விலகிக்கொண்டார்கள். மூன்றாவதாக வந்ததுதான் சாஆ பக்கத்திலிருந்து ஒரு வரன். பெண்ணின் பெயர் தேவிகா. செகாமட்டில் அரசாங்கப் பல் கிளினிக்கில் நர்ஸ். அவளுடைய அப்பா பெருமாள், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர், அதாவது வேலையாட்களை மேற்பார்வை பார்ப்பவர். போட்டோவைப் பார்த்த நிமிடமே எனக்கு வேறு யோசனை இல்லை. இந்தப் பெண் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று உள்ளுக்குள் முடிவு செய்துவிட்டேன். அம்மா கேட்டபோது மட்டும், "கொஞ்சம் பிடிச்சிருக்கு" என்றேன். மாப்பிள்ளை முறுக்காம்.

பெருமாள் ஐயா ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லி அனுப்பியிருந்தார். அவருடைய மூத்த மகளுக்குப் பார்த்த இடத்தில் இல்லாததையெல்லாம் இருப்பதாகச் சொல்லி, பத்திரிகை அடித்த பிறகு குட்டு உடைந்து கல்யாணம் நின்றுபோயிருந்தது. ஆகவே சொத்து வேண்டாம், படிப்பு வேண்டாம், பொய் மட்டும் கூடாது. இந்தச் செய்தியைக் கேட்டுக்கொண்டு வந்த என் தாய்மாமா மணியம், அங்கேயே உட்கார்ந்து இரண்டு பொய்களைச் சொல்லிவிட்டு வந்திருந்தார். பையன் கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறான் என்பது ஒன்று. கார் பைத்தியமெல்லாம் தெளிந்துவிட்டது, அந்தக் காரையே விற்றுவிட்டான் என்பது இரண்டு. "நல்ல காரியத்துக்குத்தான்லா சொன்னேன்" என்றார்.

இங்கே கொஞ்சம் தொழில் பேச வேண்டியிருக்கிறது. பயப்பட வேண்டாம், சாப்பாட்டுப் பந்தியை வைத்தே சொல்லிவிடுகிறேன். இன்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்று காரின் கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றுக்கு ஏற்ற பெட்ரோலை ஊற்றுவது அதன் பொறுப்பு. ஆனால் இந்தக் கார் இவ்வளவுதான் மூச்சு வாங்கும் என்று நினைத்து, அதைச் செய்தவர்கள் அந்த எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருப்பார்கள். நாம் பெரிய டர்போவைப் பூட்டிக் காற்றைத் திணித்தால், கம்ப்யூட்டர் அந்த வரம்பைத் தொட்டதும் அங்கேயே நின்றுவிடும். அதற்கு மேல் போகும் காற்று அதன் கண்ணுக்குத் தெரியாது. காற்று ஏறும், பெட்ரோல் ஏறாது. உள்ளே சூடு கூடிப் பிஸ்டன் உருகிவிடும்.

கல்யாண மண்டபத்து வாசலில் நூறு வரைக்கும் மட்டுமே எண்ணத் தெரிந்த ஒருவரை நிறுத்தியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருநூறு பேர் வந்தாலும் அவர் சமையல்கட்டுக்கு நூறு என்றுதான் சொல்லி அனுப்புவார். பாதிப் பேர் பட்டினி. அவரை மாற்ற வழியில்லை என்றால் என்ன செய்யலாம்? ஜோடி ஜோடியாக எண்ணி, ஒரு ஜோடியை ஒருவர் என்று கணக்கு வைக்கச் சொல்லலாம். அவருக்குத் தெரியாமல் சமையல்காரரின் கரண்டியை இரண்டு மடங்கு பெரியதாக மாற்றிவிடலாம். அவர் நூறு என்பார், இருநூறு பேரும் வயிறாரச் சாப்பிட்டிருப்பார்கள். நான் செய்ததும் இதுதான். காற்றைப் பாதியாக எண்ண வைத்தேன். பெட்ரோல் பீச்சும் இன்ஜெக்டர்களின் அளவையும் பாதி என்று பொய் சொன்னேன். இந்தப் பொய்யை நம்பியிருக்கிற மற்ற கணக்குகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துத் திருத்தினேன். நாக்குத் தள்ளிவிட்டது. பெண் பார்க்கப் போவதற்கு முதல் நாள்தான் வேலை முடிந்தது. ஒன்றையும் விடவில்லை என்று என் தோளை நானே தட்டிக்கொண்டேன்.

சில்லறையாக ஒரே ஒரு குறை இருந்தது. பெரிய பெட்ரோல் பம்பை டேங்குக்குள் இறக்கியபோது மிதவை எங்கோ சிக்கிக்கொண்டு, பெட்ரோல் முள் முக்காலிலேயே நின்றுவிட்டது. கிடக்கட்டும், ஓடவிட்டுச் சோதிப்பதற்காக வாரத் தொடக்கத்தில் டேங்க் நிரப்பியதிலிருந்து எத்தனை லிட்டர் எரிந்தது என்று திரையில் கம்ப்யூட்டரே காட்டுகிறதே, முள் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஜொகூரில் அப்போது வெள்ளியும் சனியும் விடுமுறை. வெள்ளிக்கிழமை காலை, பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிப்பதற்குள் பெண் வீட்டு வாசலை மிதித்துவிட வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. மாமாவின் சின்னக் காரில் போவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் அந்தக் கார் என் வொர்க்‌ஷாப்பில் பிரித்துப் போட்டபடி கிடந்தது. "சாமான் வரல மாமா" என்றேன். (சாமான் புதன்கிழமையே வந்துவிட்டது.) வேறு வழியில்லாமல், விற்றுவிட்டதாகச் சொன்ன காரிலேயே கிளம்பினோம். மாமா முன்னால், அம்மா பின்னால். அம்மாவின் ஒரு பக்கம் பழத்தட்டு, மறுபக்கம் பூத்தட்டு, மடியில் லேப்டாப்.

"ஏண்டா முகிலா, இது யாரு காருன்னு கேட்டா என்னாடா சொல்றது?" என்றார் மாமா.

"கூட்டாளி காருன்னு சொல்லிடுங்க மாமா."

"மறுபடியும் நானா?"

என் காது முழுக்க இன்ஜின் சத்தத்தில் இருந்தது. புதிதாகத் திருத்திய கார். எங்காவது ஓர் எண் தப்பாக இருந்தால் வெடித்துச் சிதறும்.

"அம்மா, ரெண்டாவது கட்டத்துல என்னா நம்பர் காட்டுது?"

"நாப்பது. இல்ல, நாப்பத்தி ரெண்டு. டேய், இது நிக்க மாட்டேங்குதுடா."

"சரி, செவப்பு வந்தா மட்டும் சொல்லுங்க."

"செவப்பு வந்தா என்னா?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லன்னா எதுக்குடா எம்மடியில வச்ச?"

யோங் பெங் தாண்டியதும் நேரான சாலை வந்தது. முன்னால் ஒரு லோரி ஊர்ந்துகொண்டிருந்தது. முந்துவதற்காக மிதித்தேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன், ஆனால் லோரியை முந்த அவ்வளவு மிதிக்கத் தேவையில்லை. டர்போ ஊளையிட்டது. பழத்தட்டிலிருந்து ஆரஞ்சுகள் உருண்டன. மாமா கதவுக்கு மேலிருந்த பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். அம்மா மட்டும் கடமை தவறாமல், "நூத்தி எம்பது! இருநூறு! இன்னும் ஏறுதுடா! முருகா!" என்று எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். பாதியாக எண்ணி இருநூறு என்றால் உண்மையில் நானூறு. பழைய உச்சவரம்பைக் கார் அநாயாசமாகத் தாண்டிவிட்டது. சிவப்பு வரவில்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பெண்ணை நேரில் பார்த்தால்கூட இவ்வளவு சந்தோஷம் வராது என்று அந்தக் கணத்தில் நான் நினைத்தது சத்தியம்.

பெரிய ரோட்டிலிருந்து தோட்டத்துச் செம்மண் பாதையில் திரும்பும்போது பத்து மணி. இன்னும் கொஞ்ச தூரம்தான். நேரம் நிறையவே இருந்தது. கார் ஒரு முறை இருமியது. இன்னொரு முறை இருமியது. பிறகு நின்றுவிட்டது.

இரண்டு பக்கமும் செம்பனை. ஒரு சத்தமில்லை. பிஸ்டன் உருகிவிட்டது என்றே நினைத்தேன். லோரியை முந்தும்போது எங்கோ ஓர் எண் தப்பியிருக்கிறது. பானெட்டைத் திறந்தேன். காற்றுக் குழாயைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டேன். அம்மாவின் மடியிலிருந்து லேப்டாப்பை வாங்கிப் பார்த்தேன், எல்லா எண்களும் யோக்கியமாக இருந்தன. பட்டு வேட்டி கட்டிக்கொண்டு செம்மண்ணில் மண்டியிட்டுக் காரின் அடியில் எட்டிப் பார்த்தேன். எண்ணெய் ஒழுகவில்லை.

"எண்ணெ இருக்காடா?" என்றார் மாமா. எங்கள் ஊரில் பெட்ரோலும் எண்ணெய்தான்.

"மாமா, அதெல்லாம் பாதி டேங்கு இருக்கு. கம்ப்யூட்டரே சொல்லுது, வந்து பாருங்க" என்றேன், இதையெல்லாமா கேட்பார்கள் என்ற குரலில். அவருக்குத் திரையைக் காட்டுவதற்காகச் சாவியைத் திருப்பினேன். பின்னாலிருந்து, டேங்குக்குள் இருக்கும் பம்பின் சத்தம் கேட்டது. வறண்டுபோய், கீச்சென்று. எரிந்தது முப்பது லிட்டர் என்றது திரை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாசலில் நின்று ஜோடி ஜோடியாக எண்ணியவரிடமே போய், எவ்வளவு அரிசி செலவானது என்று கேட்டால் என்ன சொல்வார்? அவருக்குத் தெரிந்தது நூறு பேர்தான். கரண்டியை மாற்றியது அவருக்குத் தெரியாது. பாதி அரிசிதான் செலவு என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்வார். முப்பது என்றால் உண்மையில் அறுபது, டேங்கின் முழுக் கொள்ளளவு. டேங்கில் துடைத்து எடுத்தாலும் ஒன்றும் இல்லை. காருக்கு நான் சொன்ன பொய்யைக் கார் எனக்கே திருப்பிச் சொல்லியிருக்கிறது, நானும் கேட்டுக்கொண்டு பெண் பார்க்கக் கிளம்பியிருக்கிறேன்.

"என்னாச்சுடா?" என்றார் அம்மா.

"எண்ணெ இல்லம்மா."

அம்மா லேப்டாப்பை என்னிடமிருந்து வாங்கி மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். அவர் திட்டாமல் இருந்தால்தான் ஆபத்து.

மாமா பெண் வீட்டுக்குப் போன் போட்டார். சிறிது நேரத்தில் செம்பனை மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு பிளாஸ்டிக் கேன். பெருமாள் ஐயா தானே வந்திருந்தார்.

"வாங்க வாங்க. இதெல்லாம் யாருக்கும் நடக்கறதுதான்" என்று அம்மாவைக் கும்பிட்டுவிட்டு, கேனை என்னிடம் நீட்டினார். "இந்தாங்க தம்பி, புல்லு வெட்டுற மெஷினுக்கு வச்சிருந்தது. ஆயில் கலந்த எண்ணெதான், ஆனா வீடு வரைக்கும் தாராளமா ஓடும்."

இந்த இடத்தில் மூளை உள்ள எந்த ஆண்பிள்ளையும் கேனை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பான். நான் இரண்டடி பின்னால் போனேன்.

"ஐயையோ, இது ஆகாதுங்க. இந்தக் கார் ஒசத்தி எண்ணெ, தொண்ணூத்தேழுக்கு டியூன் பண்ணது. இந்த மாதிரி எண்ணெ உள்ள போனா இன்ஜினே போயிரும்."

நீட்டிய கை அப்படியே நின்றது. அம்மா என் முதுகில் கிள்ளியதில் சட்டைக்குள் தோல் கன்றிப்போனது.

"எங்க எண்ணெ உங்க காருக்கு ஆகாதா தம்பி?" என்றார், மெதுவாக.

பிறகு அவர் கண் காரின் மீது போனது. அகலமான டயர்களைப் பார்த்தார். பின்னால் குனிந்து, பப்பாளிப் பழம் நுழையும் அளவுக்கு இருந்த புகைக்குழாயைப் பார்த்தார். நிமிர்ந்து, "இது யாரு காரு?" என்றார்.

"கூட்டாளி காரு" என்றார் மாமா.

"கஸ்டமர் காரு" என்றார் அம்மா, அதே நேரத்தில்.

பெருமாள் ஐயா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். கேனை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

"போச்சுடா" என்றார் மாமா. போட்டோவிலிருந்த அந்தச் சிரிப்பை இனி நேரில் பார்க்கவே போவதில்லை. ஒரு கேன் பெட்ரோலுக்காக அதைத் தொலைத்துவிட்டேன். மெதுவாக ஓட்டியிருந்தால் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இது எனக்கு அப்போதும் தெரியும். என் காருக்கா, ஆயில் கலந்த எண்ணெயா என்ற திமிர்தான்.

திரும்பிப் போகவும் கார் இல்லாமல் நின்றுகொண்டிருந்தபோது, தடதடவென்று ஒரு சத்தம். செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர், பின்னால் டிரெய்லரோடு. ஓட்டி வந்தவர் பெருமாள் ஐயா. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். இறங்கி, ஒரு தடித்த கயிற்றை டிரெய்லரின் பின்னால் கட்டினார். மறு நுனியை நான் வாங்கி என் காரில் கட்டினேன்.

"பிரேக்கப் பாத்துக்குங்க" என்றார். அவ்வளவுதான்.

இன்ஜின் ஓடாத காரில் ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும். பிரேக்கும் இரண்டு மிதிக்குப் பிறகு மரக்கட்டையாகிவிடும். பாதை மேடாக இருந்தவரை பிழைத்தோம். ஒரு கால்வாய்ப் பாலத்துக்கு முன்னால் இறக்கம் வந்தது. கயிறு தொய்ந்தது. டிரெய்லர் நெருங்கிக்கொண்டே இருந்தது. நான் இரண்டு காலையும் வைத்து மிதித்தேன். கார் கேட்கவில்லை. டிரெய்லருக்கு அந்தப் பக்கம், பெருமாள் ஐயாவின் முதுகு தெரிந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் பெண்ணின் அப்பாவை இடித்துக் கால்வாயில் தள்ளிய மாப்பிள்ளை என்று பெயர் வாங்கப் போகிறேன்.

"டேய், டேய், டேய்" என்றார் மாமா.

ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். கார் ஓரமாகச் சீவிக்கொண்டு, டிரெய்லருக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. அடுத்த நொடி கயிறு விறைத்து எங்களை வெடுக்கென்று இழுத்தது. பூத்தட்டு அம்மாவின் தலையில் கவிழ்ந்தது. பெருமாள் ஐயா திரும்பியே பார்க்கவில்லை.

இப்படியாக, டிராக்டர் முன்னே போக, செம்மண் அப்பிய கறுப்புக் கார் பின்னே வர, தலையெல்லாம் மல்லிகையோடு அம்மா அமர்ந்திருக்க, தோட்டத்து வீடுகளின் முன்னால் ஊர்வலம் போனோம். எல்லா வீட்டிலும் ஆட்கள் வெளியே வந்தார்கள். பெண் வீட்டு வாசலில் டிராக்டர் நின்றது. நான் கதவைத் திறந்தேன்.

"எறங்காதே!" என்றார் அம்மா. "பத்தரை ஆயிருச்சு."

"அம்மா, வாசல்ல நிக்கிறோம்மா."

"எவன் வாசலா இருந்தா என்னா, ராகு காலத்துல பொண்ணு பாக்க உள்ள போனா வெளங்காது. பன்னண்டு ஆகட்டும். யாரும் காலக் கீழ வைக்கக் கூடாது." பிறகு கண்ணாடியை இறக்கி, பெருமாள் ஐயாவிடம் பணிவாக, "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, நேரம் சரியில்ல" என்றார்.

அவரும் பஞ்சாங்கம் பார்க்கிறவர்தான். வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். நாங்கள் காருக்குள் உட்கார்ந்து அவரைப் பார்த்தோம். நடுவில் வேலி. மேலே வெயில். கறுப்புக் கார், ஏர்கோன் இல்லை. மாமா ஓர் ஆரஞ்சை எடுத்து உரிக்கப் போனார், அம்மா பிடுங்கித் தட்டில் வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களைப் பார்க்க வசதியாக நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொண்டார்கள்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து தேவிகா வந்தாள். கையில் தட்டு, தட்டில் ஐஸ் போட்ட சிவப்பு சிராப். நேராகக் காரின் ஜன்னலுக்கு வந்துவிட்டாள். அம்மா பதறிவிட்டார்.

"ஐயோ, இப்ப வேணாம்மா, ராகு காலம்."

"இது பொண்ணு பாக்கறதுல சேராது அத்தை. தாகத்துக்குத் தண்ணி" என்றாள். அம்மாவுக்குத் தாகமும் இருந்தது, வாங்கிக்கொண்டார். தேவிகாவின் பார்வை அம்மாவின் மடிக்குப் போனது. "இது என்னா அத்தை?"

"எனக்கு என்னம்மா தெரியும். செவப்பு வந்தா சொல்லச் சொன்னான்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் வந்தாள். "எண்ணெ எப்படி முடிஞ்சது?"

சொன்னேன். காற்று, உச்சவரம்பு, வாசலில் நிற்கிறவர், கரண்டி, எல்லாம் சொன்னேன். வேறு எதைப் பற்றியும் எனக்குப் பேசத் தெரியாது. அவள் ஜன்னல் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு முழுவதையும் கேட்டாள். போட்டோவில் இருந்ததைவிட நேரில் கண் கூர்மையாக இருந்தது.

"அப்ப உங்க கார்கிட்ட எல்லாத்தையும் பாதியாச் சொல்லியிருக்கீங்க."

"ஆமா."

"அது நம்பிருச்சு."

"ஆமா."

"எங்ககிட்ட எவ்வளவு சொல்லியிருக்கீங்க?"

மாமா ஆரஞ்சைக் கூர்ந்து பார்க்க ஆரம்பித்தார். அம்மா கண்ணாடியில் என்னைப் பார்த்து, வாயைத் திறக்காதே என்று தலையை ஆட்டினார்.

"எங்க கிளினிக்குக்கு வர்றவங்க எல்லாரும் தினம் ரெண்டு தடவ பல் வெளக்குறோம்னுதான் சொல்வாங்க" என்றாள் தேவிகா. "வாயத் தொறந்தா தெரிஞ்சிரும்."

பயமாக இருந்தது. இன்ஜின் நின்றபோது வந்த பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வாயைத் திறந்தேன்.

"கார் என்னோடதுதான். விக்கல. ஆபீஸ் வேலை இல்ல, கார் வொர்க்‌ஷாப் வச்சிருக்கேன். கம்ப்யூட்டர்னு சொன்னது இந்தக் கார் கம்ப்யூட்டரத்தான். கார் பைத்தியம்னு சொல்லி ரெண்டு எடத்துல வேணான்னுட்டாங்க, அது இன்னும் தெளியல. இன்னிக்கு மாமா கார்லதான் வந்திருக்கணும். இத ஓட்டிப் பாக்கணும்னு ஆசப்பட்டு, அத வேணும்னே முடிக்காமப் போட்டு வச்சிருந்தேன்."

"என்னாது?" என்றார் மாமா.

"உங்க அப்பா குடுத்த எண்ணெய ஊத்தியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. அப்ப எனக்குக் கார் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிஞ்சது. தப்பு."

நிமிர்ந்து பார்த்தபோது பெருமாள் ஐயாவின் நாற்காலி வேலிக்கு இந்தப் பக்கம் வந்திருந்தது. எப்போது நகர்த்தினார் என்று தெரியாது. அவர் முகத்திலிருந்து ஒன்றையும் படிக்க முடியவில்லை.

தேவிகா காலி டம்ளர்களை வாங்கித் தட்டில் அடுக்கினாள். போகிற போக்கில் அம்மாவிடம் கேட்டாள். "அத்தை, என் போட்டோவப் பாத்துட்டு இவரு என்னா சொன்னாரு?"

"கொஞ்சம் பிடிச்சிருக்குன்னாம்மா" என்றார் அம்மா, ஈனக் குரலில்.

"கொஞ்சமா?" தேவிகா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அப்ப ரெண்டால பெருக்கிக்கிறேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பன்னிரண்டு அடித்த பிறகு நாங்கள் இறங்கி, கால் கழுவி, உள்ளே போய், அவளை முறைப்படி பெண் பார்த்தோம். அதில் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரும் வாழை இலையில் சாப்பிட்டோம். பெருமாள் ஐயா எனக்கு எதிரில் உட்கார்ந்து, கடைசிவரை சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்குப் பாயசம் இறங்கவில்லை.

கிளம்பும் நேரத்தில் அவர் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கையில் அதே பிளாஸ்டிக் கேன்.

"இப்ப ஆகுமா?" என்றார்.

டேங்கின் மூடியை நானே திறந்தேன். "ஆகும் மாமா" என்றேன். அந்த முறையில் நான் அவரைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் ஊற்றினார். அந்தப் பெரிய டர்போ, அந்தப் பெரிய பம்ப், அந்த நூதனமான கணக்கு எல்லாம் சேர்ந்து, புல் வெட்டும் மெஷினைப் போல நீலப் புகை விட்டுக்கொண்டு சாஆவிலிருந்த பெட்ரோல் நிலையத்துக்கு ஆமை வேகத்தில் போய்ச் சேர்ந்தன. இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பரிசத்தன்று பெண் வீட்டார் வைத்த தட்டுகளில், பூ, பழம், வெற்றிலை பாக்குக்கு நடுவில், புல் மெஷினுக்கு ஊற்றும் ஆயில் போத்தல் ஒன்று பொட்டு வைத்து அமர்ந்திருந்தது. சபை முழுக்க எழுந்து நின்று சிரித்தது. என் மாமனார் இன்றைக்கும், நாங்கள் சாஆவிலிருந்து புறப்படும்போதெல்லாம் அந்தக் கேனைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வழியனுப்ப வருகிறார்.

காரின் திரையை மறு வாரமே திருத்திவிட்டேன். அது இப்போது சரியாகத்தான் சொல்கிறது. என்னைத் திருத்திவிட்டதாகத்தான் எங்கள் வீட்டில் யாரும் நம்புவதில்லை. பத்து நிமிடத்தில் வருகிறேன் என்று நான் போன் செய்தால், "அப்பா இருவது நிமிஷத்துல வந்துருவாரு" என்று தேவிகா பிள்ளைக்குச் சொல்கிறாள். இரண்டு வடைதான் சாப்பிட்டேன் என்றால் தட்டில் நான்கு குறைந்திருப்பதாக அம்மா அறிவிக்கிறார். மணியம் மாமா மட்டும் இந்தக் கணக்கில் சேருவதில்லை. அவர் காருக்கு என்ன ஆனாலும் பக்கத்துத் தெரு வொர்க்‌ஷாப்புக்குத்தான் போகிறார்.

போன மாதம் எங்கள் கல்யாண நாளுக்குக் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். "இன்னும் என்னப் பிடிச்சிருக்கா?" என்றாள் தேவிகா, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. இத்தனை வருடமாகியும் எனக்கு அந்த முறுக்கு விடவில்லை. "கொஞ்சம்" என்றேன். பின் சீட்டிலிருந்து, அப்போதுதான் வாய்ப்பாடு படிக்கத் தொடங்கியிருந்த எங்கள் மகள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இதையும் ரெண்டால பெருக்கணுமா?"

"பெருக்கிக்கிட்டே இரு" என்றேன் நான்.